காட்டு டாக்டர் வீட்டுக் கதை எழுதுறேன், தெரிஞ்சவங்க திருத்துங்க

நெய்தல்நிலா | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். புதுசா ஒரு தொடர்கதை ஆரம்பிச்சிருக்கேன். களம் தென்னாப்பிரிக்கா. ஹீரோ வனவிலங்கு டாக்டர், மனைவியை இழந்தவர், ஏழு வயசுல ஒரு பொண்ணு. ஹீரோயின் வெளியூர்லேர்ந்து அவர் பண்ணைக்கு வேலைக்கு வர்றா. வீட்டுக்குள்ள ஒரு சிங்கக்குட்டி வளருது, அது ஹீரோயின் கட்டில்லதான் தூங்கும். ஒரு நாள் யானைக்கு மயக்க ஊசி போடப் போறப்ப ரெண்டு பேருக்கும் மனசு ஒட்டிக்குது. மூணு அத்தியாயம் எழுதிட்டேன். ஆனா நான் ஆப்பிரிக்காவை டிவியில பார்த்ததோட சரி. அங்க அப்படிப்பட்ட குடும்பத்துல ஒரு நாள் எப்படிப் போகும்? புள்ளைங்க எங்க படிக்கும்? தெரிஞ்சவங்க சொன்னா புண்ணியமாப் போகும்.

கொல்லிமலைக்காரன் | ஞாயிறு, இரவு 10.05

முதல்ல ஒரு சந்தேகம். நம்ம ஊர்ல "கால்நடை மருத்துவர்"னு சொல்றோம். காண்டாமிருகம் கால்நடையில சேருமா? எங்க ஊர்ல எல்லாருமே மாட்டு டாக்டர்தான். அவர் மயிலுக்கு வைத்தியம் பார்த்தாலும் மாட்டு டாக்டர்தான்.

சிங்கக்குட்டி கட்டில்ல தூங்குறது சூப்பர். மெத்தை யாரு துவைக்கிறது?

மதி_லிம்போபோ | திங்கள், காலை 6.15

நெய்தல்நிலா, வாம்மா. நான் திருச்சிக்காரி. கணக்கு வேலைக்காக ப்ரிட்டோரியா வந்தவ, இங்கேயே கல்யாணமாகி லிம்போபோ மாகாணத்துல பதினோரு வருஷமா இருக்கேன். வீட்டுக்காரர் வனவிலங்கு டாக்டர். அவர் டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். அவருக்குத் தமிழ்ல தெரிஞ்சது "வா, போ, சாப்பாடு", அப்புறம் என் அம்மாவைக் கண்டா "நல்லா இருக்கீங்களா".

நாள் எப்படிப் போகும்னு கேட்டீங்க. வேலைக்காலம் முக்கியமா இங்கத்துக் குளிர்மாசங்கள். ஏப்ரல் கடைசியில சூடு பிடிச்சு செப்டம்பர் வரைக்கும் ஓடும். வெயில் காலத்துல பெரிய விலங்கைத் துரத்தினா உடம்புச் சூடு ஏறியே செத்துப்போகும், அதனால விடியக்காலைதான். நாலு மணிக்கு எழுந்து, ஃபிளாஸ்க்ல காபி, பக்கி வண்டியில (இங்க பிக்கப் வண்டிக்கு அதான் பேரு) பெட்டிகளை ஏத்தி, ஒரு மணி நேரம் மண் ரோடு.

இப்ப விஷயத்துக்கு வரேன். காண்டாமிருகம், யானை மாதிரி பெரிய விலங்கைப் படுக்க வைக்கிற மருந்து எடார்ஃபின். பழைய ஆளுங்க இன்னும் எம்99னுதான் சொல்வாங்க. மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கு மேல வீரியம். அவ்வளவு பெரிய உடம்புக்குச் சில மில்லிலிட்டர் போதும்ங்கறதாலதான் ஈட்டி ஊசியில அடைச்சு ஹெலிகாப்டர்லேர்ந்து சுட முடியுது. அதே மருந்து ஒரு துளி மனுஷன் மேல கீறல் வழியாவோ கண்ணுலயோ பட்டா மூச்சு நின்னுடும். ஊசியைக் காத்தழுத்தம் ஏத்தித்தான் தயார் பண்றாங்க, பீச்சியடிச்சா போச்சு.

அதனால எங்க வீட்டு முதல் சட்டம்: மருந்துக் குப்பியைத் திறக்கறதுக்கு முன்னாடி மாற்று மருந்தை, அதான் அந்த மருந்தோட வேலையை முறிக்கிறதை, ஊசியில எடுத்து வெச்சிருக்கணும். எந்த டாக்டரும் தனியா அந்தக் குப்பியைத் திறக்கக் கூடாது. பக்கத்துல ஒருத்தர் நிக்கணும், அவருக்கு அந்த ஊசியைப் போடத் தெரிஞ்சிருக்கணும், போட்டுட்டு மூச்சு கொடுக்கவும் தெரிஞ்சிருக்கணும். கல்யாணமாகி மூணாவது மாசம், சமையலறை மேஜையில ஒரு ஆரஞ்சுப் பழத்தை வெச்சு எனக்கு ஊசி போடச் சொல்லிக்கொடுத்தார். எங்க தேனிலவு அதுதான்னு வெச்சுக்கோங்க.

சிங்கக்குட்டியைப் பத்தி அப்புறம் திட்டுறேன். பையனை எழுப்பணும்.

நெய்தல்நிலா | திங்கள், காலை 8.30

மதி அக்கா!!! ஆரஞ்சுப் பழம்!!! இதைவிட ஒரு காதல் காட்சி யாரால எழுத முடியும்? அவர் உயிர் இவ கையில இருக்கிற ஊசியில. நான் சூரிய அஸ்தமனத்தை வெச்சு மூணு பக்கம் வீணடிச்சுட்டேனே.

எதிர்க்கட்சி | திங்கள், மதியம் 1.20

நிலா, கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் பக்கத்தில் நிற்கும் ஆளைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

உங்கள் ஹீரோ மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தை. இந்த வார்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1966 முதல் 1969 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'டக்டாரி' என்றொரு தொடர் ஓடியது. சுவாகிலியில் டாக்டர் என்று பொருள். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு விலங்கு மருத்துவர், அவருடைய மகள், ஒரு மாறுகண் சிங்கம். படம் பிடித்ததென்னவோ கலிஃபோர்னியாவில்.

அந்தத் தொடருக்குத் தூண்டுதலாக இருந்தவர்கள் டோனி ஹார்ட்தூர்ன், சூ ஹார்ட் என்ற தம்பதி. நைரோபியில் அநாதை விலங்குகளை வைத்துப் பராமரித்தவர்கள். மதி சொன்ன அந்த எம்99-ஐ 1960களில் காட்டு விலங்குகளுக்குப் பயன்படுத்திப் பார்த்து வழிமுறை வகுத்த முன்னோடிகளில் ஹார்ட்தூர்ன் ஒருவர். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உம்ஃபொலோசி காட்டிலிருந்து வெள்ளைக் காண்டாமிருகங்களைப் பிடித்து வேறு காடுகளுக்கு அனுப்பிய வனப் பாதுகாவலர் இயன் பிளேயரின் வேலைக்கும் அந்த மருந்துதான் கைகொடுத்தது.

சூ ஹார்ட்டும் விலங்கு மருத்துவர்தான். பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் சுற்றுச்சூழல் கல்வி இயக்கம் ஒன்றையும் தொடங்கியவர். ஆனால் திரையில் என்ன ஆயிற்று? மனைவி காணாமல் போனார். டாக்டர் ஒற்றை ஆள், கூட ஒரு மகள். இரண்டு டாக்டர்கள் இருந்த வீட்டில் ஒரு டாக்டரை அழித்துவிட்டுத்தான் கதையே தொடங்குகிறது. அறுபது வருடம் கழித்து நீங்களும் முதல் அத்தியாயத்துக்கு முன்பே மனைவியைக் கொன்றிருக்கிறீர்கள்.

கொல்லிமலைக்காரன் | திங்கள், மதியம் 1.45

ஐயா நீங்க எங்க போனாலும் பேருக்கேத்த மாதிரியேதான் இருக்கீங்க.

வல்வைப்பெண் | திங்கள், மாலை 5.10

நான் நைரோபியில பதினைஞ்சு வருசமா இருக்கிறன். இஞ்ச ஆர் வந்தாலும் முதல்ல கூட்டிக்கொண்டு போறது ஷெல்ட்ரிக் காப்பகத்து அநாதை யானைக்குட்டிகளிட்ட. அதால அந்தக் கதையைச் சொல்லுறன். மிருக வைத்தியர் குடும்பம் இல்லை, ஆனா உங்களுக்கு உதவும்.

டேவிட் ஷெல்ட்ரிக் கென்யாவில சாவோ கிழக்குத் தேசியப் பூங்காவின்ர முதல் காப்பாளர். அவரின்ர மனுசி டாஃப்னி. அவவின்ர முதல் புருசனும் அதே சாவோவில வேலை செய்தவர். அந்தக் கலியாணம் முறிஞ்சு, 1960இல டேவிட்டைக் கட்டினவ. எல்லாரும் ஒரே காட்டுக்குள்ள, ஒரே வேலை. எங்கட ஊரிலையெண்டால் கோயில் திருவிழாவில நின்று கதைக்க ஏலாது. அவையள் சிநேகிதமாத்தான் இருந்தவையாம்.

டாஃப்னி பெருசாச் செய்தது யானைக்குட்டிக்குப் பால் கண்டுபிடிச்சது. மாட்டுப்பால் கொழுப்பு பிறந்த குட்டிக்குச் செமிக்காது. கன வருசம் மாத்தி மாத்திக் குடுத்துப் பாத்து, ஒண்டொண்டாச் செத்து, கடைசியில ஒத்துவந்தது எது தெரியுமே? தேங்காயெண்ணெய். எங்கட அம்மம்மா கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பா.

பிறகு ஆயிஷா எண்ட குட்டி. அந்தப் பாலில நல்லா வளந்தது. 1974இல டாஃப்னி மகளின்ர கலியாணத்துக்காகக் கொஞ்ச நாள் விட்டிட்டுப் போக வேண்டி வந்தது. ஆயிஷா சாப்பாட்டை விட்டிட்டுது. செத்துப்போச்சு. டாஃப்னியைத் தவிர வேற ஆரையும் அது தாயா எடுக்கேல்லை. அதுக்குப் பிறகுதான் ஒரு குட்டிக்கு ஒரு ஆள் எண்ட முறையே இல்லாமல் போனது. இப்ப பராமரிக்கிற ஆம்பிளையள் மாறி மாறித்தான் குட்டியோட படுக்கினம், மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பால். பகல்ல போனா, பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு போத்தலோட நிப்பினம்.

1977இல டேவிட் மாரடைப்பால செத்திட்டார். டாஃப்னி 2018இல. இப்ப இளைய மகள் ஆஞ்சலாதான் நடத்துறா.

மகளின்ர கலியாணத்துக்குப் போய் வந்து, செத்த குட்டியைப் பாத்த அந்தத் தாயை எழுதுங்கோ. சிங்கக்குட்டியை விட்டிட்டு.

நெய்தல்நிலா | திங்கள், இரவு 11.50

வல்வை அக்கா, இதைப் படிச்சுட்டுத் தூக்கம் வரல.

மதி_லிம்போபோ | செவ்வாய், காலை 5.50

வல்வை சொன்னது நெஞ்சை அடைக்குது. இங்க எங்களுக்குக் காண்டாமிருகக் குட்டிதான். கொம்புக்காகத் தாயைக் கொன்னுட்டுப் போயிருப்பாங்க, குட்டி பக்கத்துலயே நிக்கும். தென்னாப்பிரிக்கா முழுக்க 2014-ல மட்டும் 1,215 காண்டாமிருகம் போச்சு. 2024-ல 420. குறைஞ்சிருக்குன்னு சந்தோஷப்படணும்னு சொல்றாங்க, படறோம்.

யானைக்குத் தேங்காயெண்ணெய்ன்னா காண்டாமிருகத்துக்கு நேர் எதிர். தாய்ப்பால்ல கொழுப்பே இல்லைன்னு சொல்லலாம், சர்க்கரை அதிகம். கொழுப்பெடுத்த பால், குளுக்கோஸ். கூட ஒரு ஆட்டையோ செம்மறியையோ துணைக்குக் கட்டுவாங்க. மனுஷன்கிட்ட ஒட்டிக்கிட்டா அதைக் காட்டுல திருப்பி விட முடியாது. வல்வை சொன்ன அதே பாடம்தான்.

இப்ப சிங்கக்குட்டி. நிலா, தப்பா எடுத்துக்காதீங்க, இந்த ஊர்ல வீட்டுக்குள்ள சிங்கக்குட்டின்னா நாங்க முகம் சுளிப்போம். கூண்டுல வளர்க்கிற சிங்கம் மட்டும் இந்த நாட்டுல எட்டாயிரம் அளவுல இருக்கும். பிறந்த குட்டியைத் தாய்கிட்டேர்ந்து பிரிச்சு, சுற்றுலாக்காரங்க காசு கொடுத்துக் கொஞ்சி, போட்டோ எடுத்து, அது பெருசானதும் வேலிக்குள்ள விட்டுச் சுட விக்கிறது. எலும்புக்கும் சந்தை இருந்துச்சு. வெளிநாட்டுப் புள்ளைங்க காசு கட்டி வந்து "அநாதைக் குட்டி"ன்னு நம்பி பால் கொடுத்துட்டுப் போகும். 2021-ல அரசாங்கம் அமைச்ச குழுவே இந்தத் தொழிலை மூடணும்னு சொல்லிடுச்சு. உங்க ஹீரோ அந்தக் குட்டியை வெச்சிருந்தா, என் வீட்டுக்காரர் அவர்கூடப் பேச மாட்டார்.

மெத்தை துவைக்கிறதைக் கேட்ட கொல்லிமலைத் தம்பிக்கு: எங்க வீட்டுல ஒரு தடவை முள்ளம்பன்றி இருந்துச்சு. அதைப் பத்திப் பேச விரும்பலை.

பொன்னையா_ஓய்வு | செவ்வாய், காலை 10.30

அன்பர்களுக்கு. நான் தமிழகத்தில் கால்நடைத் துறையில் முப்பது ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன். மதி அவர்கள் சொன்ன பாதுகாப்பு விதி முற்றிலும் சரி. காதல் காட்சியில் சேர்க்க இன்னொரு செய்தி. காண்டாமிருகத்தை மலைப்பகுதியிலிருந்து வேறிடம் கொண்டுபோக நான்கு காலையும் கட்டி, ஹெலிகாப்டரில் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். மயக்கத்தில் இருக்கும் விலங்குக்கு அதனால் மூச்சுத் திணறுமோ என்று நமீபியாவில் 12 கருப்புக் காண்டாமிருகங்களைத் தொங்கவிட்டே அளந்தார்கள். ஒருக்களித்துப் படுத்திருப்பதைவிடத் தலைகீழாகத் தொங்கும்போது மூச்சு சற்று நன்றாகவே இருந்தது. 2021-இல் அதற்கு இக்நோபல் பரிசும் கொடுத்தார்கள்; சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது.

மதி, தங்கள் கணவரிடம் ஒரு கேள்வி. வெள்ளைக் காண்டாமிருகத்துக்கு மூச்சு மந்தமாகும்போது, மயக்கத்தைச் சற்றுக் குறைத்து மூச்சைச் சீராக்கும் பியூடார்ஃபனால் மருந்தை உடனே கொடுக்கிறாரா, எழுந்து நிற்கும் நிலை வரும்வரை காத்திருக்கிறாரா?

மதி_லிம்போபோ | செவ்வாய், காலை 11.15

ஐயா, காண்டாமிருகம் கீழ விழுந்த உடனேயே அவர் கொடுத்துடுவார். கூடவே மூக்குல குழாய் விட்டு ஆக்சிஜன். கண்ணுக்குத் துணி, காதுல பழைய காலுறை. அந்தக் காலுறை என் பையனோடது. ஸ்கூலுக்கு ஜோடி தேடறப்ப ஒன்னு எப்பவும் இருக்காது.

எதிர்க்கட்சி | செவ்வாய், மாலை 6.40

மதி, நீங்கள் எழுதுவதை ரசித்துத்தான் படிக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன். பதினோரு வருடமாக மாற்று மருந்து ஊசியோடு நிற்கிறீர்கள். கணக்குப் பார்ப்பதும் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் எடுப்பது யார்? குட்டிக்குப் பால் கலக்குவது யார்? அதற்குச் சம்பளம் உண்டா? நிலா அதைக் "காதல்" என்று எழுதப் போகிறார். ஒரு உதவியாளரை வேலைக்கு வைத்தால் கொடுக்க வேண்டிய கூலிக்கு நாம் வைத்திருக்கும் இன்னொரு பெயரோ அது?

எல்லா வீடும் இப்படித்தான் என்றும் சொல்லவில்லை. உகாண்டாவில் கிளாடிஸ் கலேமா-ஜிகுசோகா இருக்கிறார். அந்நாட்டு வனவிலங்குத் துறையின் முதல் கால்நடை மருத்துவர். 1996-இல் பொறுப்பேற்கும்போது வயது இருபத்தைந்துதான். பிவிண்டி காட்டு மலைக் கொரில்லாக்களுக்குச் சொறி வந்து ஒரு குட்டி செத்தது. மனிதரிடமிருந்து தொற்றியது என்று கண்டார்கள். ஊர்க்காரர்களின் உடம்பு சரியில்லாமல் கொரில்லாவின் உடம்பு சரியாகாது என்று புரிந்துகொண்டு, 2003-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். உடன் தொடங்கியவர்களில் ஒருவர் அவருடைய கணவர், தொலைத்தொடர்புத் துறைக்காரர். அங்கே டாக்டர் மனைவி, கூட நிற்பவர் கணவர். அந்த அமைப்பு காட்டோரக் கிராமங்களில் காசநோய் பார்க்கிறது, குடும்பக் கட்டுப்பாடும் சொல்லித் தருகிறது. "வீட்டுக் கதை" என்று இழைக்குத் தலைப்பு வைத்தால் இதுவும் வரத்தானே வேண்டும்? அதென்ன, ஆப்பிரிக்கக் கதை என்றாலே வெளியூரிலிருந்து வந்தவர்களின் வீடு மட்டும் வருகிறது?

மதி_லிம்போபோ | செவ்வாய், இரவு 9.30

எதிர்க்கட்சி சார், உங்க கேள்விக்கு நேராவே பதில் சொல்றேன். முதல் ஆறு வருஷம் சம்பளம் கிடையாது.

கேட்கவே தோணலை. அம்மா வீட்டுல மளிகைக்கடை, அம்மா கல்லாவுல உட்கார்ந்தா யாரு சம்பளம் கொடுத்தா? அதே மாதிரிதான் நினைச்சேன். ஒரு வருஷம் மழை பொய்ச்சுப்போச்சு, பண்ணைக்காரங்க பணம் தரலை. பேரைச் சொல்லலை, பெரிய பண்ணைக்காரர் ஒருத்தர் ஏழு மாசம் இழுத்தார். வீட்டுக்கு வந்தா கறி வாட்டி விருந்து வைப்பார், என் புருஷனைத் தோள்ல தட்டுவார், பில்லை மட்டும் பார்க்க மாட்டார். ஹெலிகாப்டர் காசை நாங்க கையிலேர்ந்து கட்டியிருந்தோம். அன்னைக்கு ராத்திரி கணக்குப் புஸ்தகத்தை விரிச்சு, நான் வேலைக்கு நின்ன நாளையெல்லாம் வெளியாள் கூலிக்குப் போட்டுப் பார்த்தேன். தொகையை அவர்கிட்டக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசலை. நானும் பேசலை. மறுநாள் ஒரு வரிக்குதிரை வேலைக்கு வழக்கம்போல ரெண்டு பேருமே போனோம், ஊசியை வழக்கம்போலப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவ்வளவு கோபம் இருந்தும் அந்த மூணு நிமிஷம் அவர் கையை விட்டுக் கண்ணு எடுக்கலை.

இப்ப நான் பாதிப் பங்குதாரர். எழுத்துல இருக்கு. பில்லுல "உதவியாளர்"னு தனி வரி இருக்கு. கொடுக்க மறுக்கிற ஆளுக்கு அவர் போக மாட்டார். ஒருத்தர் "மனைவிக்குக் கூலியா?"ன்னு சிரிச்சார். இவர்தான் பதில் சொன்னார், "சார், அவ இல்லைன்னா நான் குப்பியைத் திறக்க மாட்டேன்".

பையன் பள்ளிக்கூடம்: பக்கத்து டவுன் ஐம்பது கிலோமீட்டர். ஏழு வயசுல ஹாஸ்டல். இங்க பண்ணைப் புள்ளைங்க நிறைய அப்படித்தான், திங்கள்கிழமை விட்டு வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வர்றது. நான் முதல் வருஷம் அழுதேன். அவன் அழலை, அதுதான் கஷ்டமா இருந்துச்சு. இது பள்ளி லீவு, அதான் ரெண்டு நாளா எழுப்பிக்கிட்டிருக்கேன். நிலா, உங்க ஏழு வயசுப் பொண்ணு வாரநாள்ல வீட்டுலயே இருக்க மாட்டா.

கொல்லிமலைக்காரன் | செவ்வாய், இரவு 9.55

அக்கா ஒரு கேள்வி, கோச்சுக்காதீங்க. டாக்டருக்கே பணம் தராத ஆளுங்ககிட்ட மிருகம் வாங்க மட்டும் எங்கேர்ந்து காசு?

மதி_லிம்போபோ | செவ்வாய், இரவு 10.20

இந்த நாட்டுல 1991-லேர்ந்து சட்டப்படி, சரியா வேலி போட்ட நிலத்துல இருக்கிற காட்டு விலங்கு நிலக்காரருக்குச் சொந்தம். அதனால அது முதலீடு. நோய் இல்லாத காட்டெருமைக்கு ஒரு காலத்துல பைத்தியம் பிடிச்ச மாதிரி விலை. 2012-ல ஒரு எருமைக்கும் கன்னுக்கும் சிரில் ராமபோசா கிட்டத்தட்ட 2 கோடி ராண்டு வரைக்கும் ஏலம் கேட்டார். கிடைக்கலை, அப்புறம் ஊரே திட்டி அவர் மன்னிப்புக் கேட்டார். இப்ப அவர்தான் ஜனாதிபதி. அந்த விலை ரொம்ப நாள் நிக்கலை. விலை விழுந்தா முதல்ல நிறுத்துறது டாக்டர் பில்லைத்தான்.

எதிர்க்கட்சி சார் கடைசியா கேட்டதுக்கும் சொல்லணும். என் மாமனார் காலத்துல ஒண்டர்ஸ்டெபோர்ட்ல, அதான் ப்ரிட்டோரியா கால்நடை மருத்துவக் கல்லூரி, வெள்ளைக்காரப் புள்ளைங்கதான் படிக்கலாம். மத்தவங்களுக்குன்னு பின்னாடி தனியா ஒன்னு நடத்தி, 1999-லதான் ரெண்டையும் ஒன்னாக்கினாங்க. நாட்டுல இருக்கிற ஒரே கால்நடை மருத்துவக் கல்லூரி அது. அதனாலதான் இன்னைக்கும் கருப்பின வனவிலங்கு டாக்டர் இங்க குறைவு. எங்க குழுவுல தடம் பார்க்கிறவர் வெண்டாங்கற இந்த ஊர்க் கருப்பினத்துக்காரர், இருபது வருஷ அனுபவம். காண்டாமிருகம் எந்தப் பக்கம் சாயப்போகுதுன்னு அவர் கைகாட்டினப்புறம்தான் வண்டி நகரும். அவர் வீடு ஊர்ல, நூற்றி இருபது கிலோமீட்டர் தள்ளி. மாசம் ஒரு தடவை பெண்டாட்டி புள்ளைங்களைப் பார்க்கிறார். நம்ம பிரிவெல்லாம் அதுக்கு முன்னாடி ஒன்னுமில்லை. அவர் காதல் கதையை யாரு எழுதுறது?

எதிர்க்கட்சி | புதன், காலை 7.05

எழுத்திலேயே பாதிப் பங்கு என்றதும் என் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தடம் பார்க்கும் அண்ணனைப் பற்றிய கேள்வியை நிலாவிடம் ஒப்படைக்கிறேன்.

நெய்தல்நிலா | புதன், இரவு 10.15

மூணு அத்தியாயத்தையும் தூக்கிட்டேன். சிங்கக்குட்டி போச்சு. மனைவி உயிரோட இருக்கா, அவளும் டாக்டர். தடம் பார்க்கிறவருக்குத் தனி அத்தியாயம், அவர் மாசக் கடைசியில பஸ் ஏறி ஊருக்குப் போறது. புது ஆரம்பம் இதோ:

"மே மாதத்து அக்னி வெயில் லிம்போபோ மண்ணைச் சுட்டெரித்துக்கொண்டிருந்தது. அவள் பில்லில் 'உதவியாளர்' என்ற வரியை அடித்துவிட்டு 'இரண்டாவது மருத்துவர்' என்று எழுதினாள்."

எப்படி இருக்கு?

மதி_லிம்போபோ | வியாழன், காலை 4.20

ரெண்டாவது வரி அருமை. முதல் வரி... அம்மாடி, மே மாசம் விடியக்காலை இங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு விரலை ஊதிக்கிட்டு நிப்போம். மிச்சத்தை வந்து எழுதுறேன், வண்டி ஸ்டார்ட் பண்ணிட்டார்.

கொல்லிமலைக்காரன் | வியாழன், காலை 8.00

யாராச்சும் அந்த முள்ளம்பன்றி கதையைக் கேட்டு வாங்குங்கப்பா.